மழையின்றி ஒழுகும் கூரை

தொல்காப்பியர் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்துரைத்தார். மலைநாட்டிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வகுப்பின் பொருத்தத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவை நோக்கிச் செல்லும் வீதியில் இராகலை அமைந்துள்ளது. மார்கழியில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின், தை மாசி மாதங்களிற் சில இரவுகள் அங்கே மேகமற்றும் காற்றற்றும் இருக்கும். விண்மீன்கள் மிகத் தெளிவாகத் தோன்றும் அத்தகைய இரவின் மறுநாட் காலையிலே தேயிலைக் கொழுந்தின்மீதும், மரக்கறிப் பாத்திகளின்மீதும், லயங்களின் தகரக் கூரைமீதும் உப்புத் தூவினாற்போல வெண்மை படர்ந்திருக்கும். கொழுந்து கருகுவதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். கூரையைப் பற்றி எழுதினோர் அரியர். ஆதலின் இக்கட்டுரை கூரையைப் பற்றியதாகவே அமைகின்றது.

இப்பொருளில் எனக்கு நாட்டம் உண்டானமைக்கு ஒரு சிறு காரணம் உண்டு. நான் பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் காம்பராவின் பின்சாய்ப்பிலே பலகையொன்றை இட்டு அதன்மீது புத்தகங்களை அடுக்கி வைப்பது வழக்கம். ஒரு தை மாதத்துக் காலையில், வானம் நீலமாய்த் துலங்கி வெயிலும் ஏறத் தொடங்கிய வேளையில், கூரையிலிருந்து நீர் சொட்டி என் கணிதக் கொப்பி முழுவதும் நனைந்து மை பரந்துவிட்டது. பல நாட்களாக மழை பெய்யவில்லை. என் தந்தையார் தகரத்தில் ஓட்டை விழுந்துவிட்டதெனக் கருதிக் கூரைமீதேறித் தார் பூசினார். அடுத்த கிழமையும் அது சொட்டிற்று. தார் மேலும் பூசப்பட்டது. கூலிப் பணத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் தாராகக் கூரையேறியதேயன்றிச் சொட்டுதல் நின்றபாடில்லை. ஓட்டையே இல்லாத கூரை ஒழுகிற்று என்பதையும், பூசிய தாரே அவ்வொழுக்கை ஓரளவு மிகுவித்திருக்கும் என்பதையும் பௌதிகம் கற்ற பின்னரே யான் உணர்ந்தேன்.

‘பனி விழுகிறது’ என்பது நம்மவர் வழக்கு. உண்மையில் உறைபனி எங்கிருந்தும் விழுவதன்று. அது படிகின்ற இடத்திலேயே பிறக்கின்றது. எல்லாப் பொருள்களும் இரவும் பகலும் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றன. மேகம் கவிந்த இரவில் அம்மேகமும் கதிர்வீசி, நிலம் இழந்த வெப்பத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். வானம் தெளிந்து, காற்றும் உலர்ந்திருக்குமாயின் அவ்வாறு திருப்பித் தருவார் இல்லை. நிலமும் கூரையும் இழந்துகொண்டே போகும். மலைநாட்டின் உயரத்திலே தலைக்கு மேலுள்ள காற்றும் நீராவியும் குறைவாகையால் இவ்விழப்புப் பின்னும் மிகும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், நிலத்திலிருந்து நான்கடி உயரத்துப் பெட்டியிலுள்ள வெப்பமானி பூச்சியத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகை காட்டும்போதே புல்லின்மீது உறைபனி காணப்படுவது இதனாலேதான். காற்று உறைநிலையை அடையாதிருக்கவும் புல்லும் தகரமும் அதனை அடைந்துவிடுகின்றன.

இவ்வுண்மையை முறையாக ஆராய்ந்து நிறுவியவர் உவில்லியம் சாள்சு உவெல்சு என்னும் இலண்டன் மருத்துவர். பனித்துளியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1814 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோட்டக்காரர் மென்மையான செடிகளின்மீது மெல்லிய பாயை விரித்துக் காப்பதைக் கண்டு, காற்றின் குளிரை இப்பாய் எவ்வாறு தடுக்குமென்று முன்னர்த் தாம் எண்ணியதாகவும், பின்னர்ச் செடிக்கும் திறந்த வானத்துக்கும் இடையே அது திரையாக நிற்பதே காரணமென உணர்ந்ததாகவும் அவர் கூறுகின்றார். நம் நாட்டவர்க்கு இவ்வறிவு நூல்வழி வந்ததன்று. கைவழக்காகவே நெடுங்காலம் இருந்து வந்தது. வட இந்தியாவின் அலகாபாத்திலே, காற்று உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும், பள்ளத்தில் உலர்ந்த கரும்புத் தட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் ஆழமற்ற மட்சட்டிகளில் நீரை வைத்துப் பனிக்கட்டி எடுத்த முறையைச் சேர் உரொபேட்டு பாக்கர் என்பார் 1775 இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் விவரித்துள்ளார். கீழே தட்டைகள் நிலத்தின் சூட்டைத் தடுக்கும். மேலே வானம் திறந்திருக்கும். இராகலைத் தகரக் கூரையும் ஏறத்தாழ அந்த மட்சட்டியின் நிலையிலேயே இருக்கின்றது.

தகரத்தின் இயல்பைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தெளிந்த உலர்ந்த இரவிலே வானத்தை நோக்கியிருக்கும் கூரை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 70 வாற்று வீதம் வெப்பத்தை இழக்கும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள தகரம் சதுர மீற்றருக்கு நான்கு கிலோகிராம் நிறையுள்ளது. இத்துணை மெல்லிய உலோகத்தை ஒரு பாகை குளிர்விப்பதற்கு இரண்டாயிரம் யூலுக்கும் குறைந்த வெப்பத்தை வெளியேற்றினாற் போதும். அதாவது, வேறெங்கிருந்தும் வெப்பம் வாராவிடின் அரை நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் தகரம் குளிர்ந்துபோகும். நாலங்குலக் கொங்கிறீற்றுத் தட்டோ ஒரு பாகை குளிர்வதற்கு இதனினும் நூறு மடங்கு வெப்பத்தை இழத்தல் வேண்டும். நகரத்துச் சிலாப்புக் கூரைகள் விடியும்வரை நனைவதோடு நிற்க, லயத்துத் தகரம் முன்னிரவிலேயே பனிபடுநிலைக்கு இறங்கிவிடுவதன் காரணம் இதுவே.

ஈண்டுத் தாரின் கதையையும் சொல்லிவிடுதல் தகும். பளபளப்பான புதுத் தகரம் கதிர்வீசுவதில் உலோபி. முழுக் கருமையான பொருள் வீசுவதிற் காற்பங்களவே அது வீசும். துருவேறிய தகரம் அதனினும் மிகுதியாக வீசும். தாரோ எண்ணெய்ச் சாயமோ பூசிய தகரம் பத்தில் ஒன்பது பங்கு வீசும். இவ்விடயத்தில் வெள்ளைச் சாயத்துக்கும் கறுப்புச் சாயத்துக்கும் பெரும்பாலும் வேறுபாடில்லை. பகல் வெயிலிலே வெள்ளை குளிர்ச்சி தரும் என்பது மெய்; இரவில் இரண்டும் ஒன்றே. என் தந்தையார் தார் பூசிய இடங்களே கூரையில் முதலிற் குளிர்ந்து முதலில் நனைந்தன. அவர் ஓட்டையை அடைப்பதாக எண்ணிச் சொட்டுமிடங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

கூரையின் வெளிப்புறத்தில் ஓரிரவிற் படியும் நீர் மிகச் சிறிது. சதுர மீற்றருக்கு 100 தொடக்கம் 300 கிராம் வரையெனக் கொள்ளலாம். அதன் பாரத்தால் எக்கூரையும் இடியப்போவதில்லை. துன்பம் தருவது உட்புறத்து நீரே. பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி எனப் பலரும் அறிவர். அதனுள் ஐவர் உறங்குவராயின், மூச்சாலும் வியர்வையாலும் ஆளுக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவி வெளிப்படும். ஒன்பது மணித்தியாலத்தில் இது ஒன்றரை லீற்றருக்கு மேற்படும். இரவுச் சோறு வடித்த ஆவியும், உலர்த்துவதற்காகக் கொடியில் இட்ட மழைக் கம்பளியின் ஈரமும், ஈர விறகு எரிகையில் எழும் நீராவியும் இதனோடு சேரும். மண்ணெண்ணெய் விளக்கு உலர்ந்ததாகத் தோன்றினும், ஒரு லீற்றர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கும் என்பதை இரசாயனம் கற்கும் மாணவர் தாமே கணித்தறியலாம்.

இத்துணை நீராவியைக் காற்று தாங்குமா? 15 பாகைச் சூட்டிலுள்ள காற்றின் ஒரு கன மீற்றர் 13 கிராம் வரை நீராவியை ஏற்கும். பூச்சியப் பாகையில் அஃது ஐந்து கிராமைக்கூட ஏற்காது. அடுப்பின் சூட்டால் மேலெழுந்த ஈரக் காற்று குளிர்ந்த தகரத்தைத் தீண்டியவுடன், தாங்கவியலாத எஞ்சிய நீரை அங்கேயே விட்டுவிடுகின்றது. இதனை ஒடுங்கல் என்பர். முன்னிரவில் உள்ளறையின் வெப்பம் தகரத்துக்குச் சிறிது கிடைத்துக்கொண்டிருத்தலின் அது நீராகவே நிற்கும். அடுப்பணைந்து உள்ளறையும் குளிர்ந்த பின்னிரவில், தகரம் உறைநிலைக்குக் கீழிறங்கும்போது அந்நீர் உட்புறத்திலேயே மெல்லிய பளிங்குத் தகடாக உறைந்துவிடும். ஆதலின் இரவு முழுவதும் ஒரு துளியும் வீழாது. வெயில் ஏறித் தகரத்தைச் சுட்டவுடன் ஓரிரவின் நீர் முழுவதும் ஒருங்கே உருகிச் சொட்டும். வானம் தெளிந்து கதிரவன் தோன்றியபின் கூரை ஒழுகும் புதிரின் விடை இதுவாகும்.

சரிவு குறைந்த கூரையில் இத்துன்பம் இரட்டிக்கின்றது. செங்குத்தாய்ச் சரிந்த கூரையின் அடிப்புறத்திலுள்ள துளி, தகரத்தைப் பற்றியவாறே கீழ்நோக்கி ஓடிச் சுவர்த்தலையையோ இறவாணத்தையோ அடையும். பின்சாய்ப்பைப் போன்று தட்டையாக வேய்ந்த கூரையில் துளி ஓடமாட்டாது. பிறந்த இடத்திலேயே பருத்து வீழும். மேற்புறத்திலும் அவ்வாறே. காற்றுக்குத் தகரம் பறவாதிருக்கும்பொருட்டு நம்மவர் வைக்கும் கற்களையும் பழைய வாகனச் சக்கரங்களையும் ஒட்டி, சைப்பிரசு இலையும் கிரவீலியாச் சருகும் சேர்ந்து சேறாகும். அங்கே தேங்கும் நீர் இரவில் உறையும். உறைகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனிற் பெருகும். தகரங்கள் ஒன்றன்மீதொன்று பொருந்தும் விளிம்பிலும், ஆணித் துளையிலும் புகுந்த நீர் இவ்வாறு பெருகி அவ்விடைவெளியைச் சிறிது சிறிதாக அகற்றும். உண்மையான ஓட்டை இவ்வாறே பின்னாளில் உண்டாகின்றது.

இராகலையில் உறைபனி விழுந்த காலையில் மேட்டில் நின்று கீழேயுள்ள லயத்தை நோக்குவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். கூரை முழுவதும் ஒரே வெண்மையாயிராது. முன்னிஸ்தோப்பின் மேலும், இறவாண ஓரத்திலும், ஆளில்லாத காம்பராவின் மேலும் வெண்மை அடர்ந்திருக்க, ஆட்கள் உறங்கிய அறையின் மேலே அது குறைந்தும், அடுப்புக்கு நேர்மேலே கருமையாயும் காணப்படும். அக்கருமை வீட்டின் சூடு வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் வழியாகும். மேலே உருகிய நீர் கீழிறங்கி இன்னும் உறைந்திருக்கும் இறவாணத்திலே தடைப்படுவதையும் சில வேளை காணலாம். நம் மலையில் இது கதிரவன் எழுந்து ஒரு மணித்தியாலத்துள் முடிந்துவிடும் சிறு நிகழ்ச்சி. இதே நிகழ்ச்சி கிழமைக் கணக்கில் நீடித்தால் யாதாகும் என்பதைக் கனடாவிற் குடியேறிய நம் உறவினர் அறிவர்.

1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாகச் சென்று வாழும் தொறன்ரோ நகரிலே, வெண்பனி மெய்யாகவே வானத்திலிருந்து விழுவது. அது கூரைமீது அடியடியாகக் குவிந்து நிற்க, கீழேயுள்ள அறைகளின் சூடு கூரைவழியே கசிந்து அக்குவியலின் அடிப்பாகத்தை உருக்கும். உருகிய நீர் சூடில்லாத இறவாணத்தை அடைந்து மீண்டும் உறைந்து ஓர் அணையாகும். பின்னர் இறங்கும் நீர் அவ்வணைக்குப் பின்னே குளமாகித் தேங்கிக் கூரையோட்டின் அடியிற் புகுந்து வீட்டினுள் ஒழுகும். கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் காணப்படும் மட்டக் கூரைகளில் இறவாணம் இல்லை. ஆங்கே நீர் வெளியேறும் வாயில் உறைந்து அடைபட்டுவிடுவதே இடர். ஓரங்குலத் தடிப்புள்ள பனிக்கட்டி சதுர மீற்றருக்கு 23 கிலோகிராம் நிறையுள்ளது எனின், அடைபட்ட மட்டக் கூரை தாங்கும் சுமையை உய்த்துணரலாம்.

அந்நாட்டார் இதற்குக் கண்ட வழிகள் நமக்கும் பாடமாவன. முதலாவதாக, மட்டக் கூரை என்பது பெயரளவிலேயே மட்டமானது. ஐம்பதடிக்கு ஓரடியேனும் சரிவு இருத்தல் வேண்டுமென விதித்துள்ளனர். நீர்வாயிலைக் குளிர்ந்த விளிம்பில் வையாது, கட்டடத்தின் உட்புறச் சூடு படும் இடத்தில் அமைத்து, குழாயைச் சுவருக்கு உள்ளாகவே இறக்குவர். சூடு கசியாதிருக்கத் தடித்த காப்புப் படலம் இடுவர். அதனினும் முக்கியமானது, ஈரக் காற்று அப்படலத்தை ஊடுருவாதவாறு, வீட்டின் சூடான பக்கத்தில் ஆவி புகாத தாளொன்றை இடைவெளியின்றி ஒட்டுதல். ஒரு மின்விளக்குத் துளைவழியாகக் கசியும் காற்றே நாளடைவிற் கூரை மரத்தை உளுக்கச் செய்துவிடும். மின்சூட்டுக் கம்பிகளை இறவாணத்தில் ஓட்டுவாரும் உளர். அவை நீர் ஓட ஒரு வாய்க்காலை உருக்கித் தருமேயன்றி நோயைத் தீர்ப்பதில்லை. உப்பைக் கொட்டி உருக்குதல் தகரத்தையும் ஆணியையும் அரிப்பதாகலின் விலக்கத்தக்கது.

இனி, நம் கூரைக்கு வருவோம். கனடாவின் தடித்த காப்பு நமக்கு வேண்டியதுமன்று, கிட்டுவதுமன்று. நமக்கு வேண்டியன மூன்று: நீராவி கூரையை அடையும் முன்னரே வெளியேறுதல், அடைந்த ஆவி குளிர்ந்த தகரத்தைத் தீண்டாமை, தீண்டி நீரானது தலைமீது விழாமல் ஓடிவிடுதல்.

அடுப்பு முதலிற் கவனிக்கப்பட வேண்டியது. புகைபோக்கி உள்ள அடுப்பு புகையை மட்டுமன்றி விறகின் ஈரத்தையும் வெளியே கொண்டுசெல்லும். விறகை அடுப்பின்மேற் பரணில் உலர்த்தும் வழக்கம் விறகுக்கு நன்மை, கூரைக்குத் தீமை. இஸ்தோப்பிலே வெயில் படும் இடத்தில் உலர்த்துதல் சாலும். கூரை முகட்டை ஒட்டிச் சுவரின் உச்சியில் ஒரு சாண் அளவினதாகிய திறப்பொன்றும், எதிர்ப்புறத்திலே தாழ்வாக மற்றொன்றும் இருக்குமாயின், ஈரக் காற்று தானே மேலெழுந்து போய்விடும். வெளிக்காற்று குளிர்ந்ததாயினும் நீராவி குறைந்ததாகையால், உட்புகும் ஒவ்வொரு கன மீற்றரும் சில கிராம் ஈரத்தை வாரிக்கொண்டே வெளியேறும். ஆனால், குளிருக்கு அஞ்சிச் சாக்கும் கந்தையும் திணித்து எல்லாத் துளைகளையும் அடைத்து உறங்குவோரை நோக்கி, ‘திறந்து வையுங்கள்’ என்று வெறுமனே உபதேசித்தல் அறமாகாது. போர்வையும் தளமும் தராது காற்றை மட்டும் தருவது எளிது. எனினும் ஒன்றைக் கண்டிப்பாகக் கூறவேண்டும்: எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கரிச்சட்டியை அறையினுள் வைத்துக்கொண்டு உறங்குதல் ஆகாது. கரி எரிகையிற் பிறக்கும் காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

அடுத்தது கீழ்க்கூரை. கோப்பித் தோட்டக் காலத்து லயங்கள் பல மானாப்புல்லால் வேயப்பட்டிருந்தன. அவை தீக்கும் பூச்சிக்கும் இடமளித்தன. ஆயினும் புல்லின் இடையே அடைபட்ட காற்று தக்க காப்பாக இருந்தமையால் இவ்வகைச் சொட்டுதல் அங்கே அரிது. தகரம் வந்தபோது தீ அச்சம் நீங்கிற்று, காப்பும் நீங்கிற்று. அதனை மீட்பதற்கு, தகரத்துக்கு நாலங்குலம் கீழே பலகையாலோ அட்டையாலோ ஒரு தட்டு இடுதல் நன்று. அத்தட்டின் பொருத்துக்களை அடைத்தல் இன்றியமையாதது; தட்டின் கீழ்ப்புறத்திற் பொலித்தீன் தாளைத் தொடர்ச்சியாக இட்டால் சாலச் சிறப்பு. தட்டுக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள வெளியை அடையாது, இறவாணத்திலும் முகட்டிலும் வெளிக்காற்று புகுந்து போகும்படி விடவேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்வோரே பலர்: தட்டிலே இடைவெளி விட்டு, இறவாணத்தை அடைப்பர். அப்போது ஆவி மேலேறும், சூடு ஏறாது. தகரம் முன்னிலும் குளிர்ந்து முன்னிலும் மிகுதியாக நனையும். வெறும் சணற் சாக்கைத் தகரத்தின் அடியிற் கட்டுதலும் இத்தகையதே. அது சில நாள் நீரை உறிஞ்சிப் பின்னர்ப் பூஞ்சணம் பூத்து, இருமலுக்கு வித்தாகும். உரப்பைகளை அடுப்புக்கு மேலே கட்டுதல் தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

சரிவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சாய்ப்பு இறக்குவோர் மரத்தையும் தகரத்தையும் சிக்கனம் பண்ணுவதற்காகத் தட்டையாக இறக்குகின்றனர். நாலடிக்கு ஓரடி வீழ்ச்சியேனும் தருவார்களாயின் இரு புறத்து நீரும் ஓடிப்போகும். நெளிதகரத்தில் ஆணி மேட்டில் அறையப்படல் வேண்டும், பள்ளத்திலன்று. மார்கழி முடிவிற் கூரைமேற் சருகை வாரி, கூரைப்பீலியைத் துப்புரவு செய்தல் அரைநாள் வேலை. துருவேறிய தகரத்துக்குச் சாயம் பூச நேர்ந்தால், சாதாரண எண்ணெய்ச் சாயத்தினும் அலுமினியச் சாயம் மேலானது. அது கதிர்வீசலைக் குறைக்கும்.

ஒழுகுவது மழைநீரா ஒடுங்கிய நீரா என ஐயுறுவோர், தார்ச் சட்டியைத் தூக்குமுன் இரண்டு காலைகள் பொறுத்திருத்தல் நலம். மழை நீர் ஓரிடத்திலே ஒழுகும். தகரத்தில் துருக் கோடு ஒன்றையும் விட்டுச்செல்லும். ஒடுங்கிய நீர் கூரையின் பல இடங்களிலும் ஒருங்கே சொட்டும். மேகமற்ற இரவின் பின்னரே தோன்றும். விடியுமுன் ஏணி வைத்துத் தகரத்தின் அடிப்புறத்தைத் துணியாலே துடைத்தால் துணி நனையும் அல்லது பனித்துகள் உதிரும்.

மேல்வகுப்பு மாணவர் செய்து பார்க்கத்தக்க சோதனையொன்று உண்டு. புதிய தகரத் துண்டொன்றின் ஒரு பாதிக்குக் கறுப்புச் சாயமும், மற்றொரு துண்டின் பாதிக்கு வெள்ளைச் சாயமும் பூசி, மறுபாதிகளை வெறுமையாக விடுக. இரண்டையும் வைக்கோல்மேல் வைத்து, தை மாதத்துத் தெளிந்த இரவொன்றில் விளையாட்டு மைதானத்தின் நடுவிலே விட்டுவிடுக. மூன்றாவது துண்டொன்றை அதே மைதானத்தின் ஓரத்தில், மரத்தின் அடியில் வைக்குக. காலை ஐந்தரை மணிக்குக் கைவிளக்கோடு சென்று, எது வெளுத்தது, எது நனைந்தது, எது உலர்ந்தே இருந்தது எனக் குறித்துக்கொள்ளலாம். கைகளுக்குக் கம்பளியுறை அணிந்து செல்க.